பனிக்காலையும் பழைய காரும்

வெப்ப நாட்டில் பிறந்து வளர்ந்தவர்க்குக் குளிர் என்பது பெரும்பாலும் கேள்வியறிவுதான். மார்கழி விடியலில் கோலமிடும் பெண்கள் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொள்வதும், முதியவர்கள் காதை மறைத்து மப்ளர் சுற்றிக்கொள்வதுமே ஊரில் நாம் கண்ட குளிரின் எல்லை. சென்னையில் சனவரி மாத விடியலிலும் வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். தில்லியில் அதே மாதத்து விடியலில் 7 டிகிரி என்பது சாதாரணம். 4 டிகிரி என்பது வியப்பன்று. 2006ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் 0.2 டிகிரி வரை இறங்கியதும் உண்டு. பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் கம்பளி பின்னக் கற்றன. பஞ்சு அடைத்த ரசாயி போர்த்தக் கற்றன. வெயில் விழும் மூலையைத் தேடி முறத்தையும் அரிசியையும் எடுத்துச் செல்லக் கற்றன. கார் வைத்திருந்த சில குடும்பங்களும், அவர்களைச் சுற்றி வாழ்ந்த எங்களைப் போன்ற பல குடும்பங்களும் இன்னொன்றையும் கற்க நேர்ந்தது. பனிக்காலையில் கிளம்ப மறுக்கும் வண்டியைக் கிளப்பும் கலையே அது.

எங்கள் குடியிருப்பில் அக்காலத்தில் நின்ற கார்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் உருவான அம்பாசிடர் ஒன்றிரண்டு; பம்பாயில் உருவான பியட் இரண்டு; சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் கட்டி வந்த ஹெரால்டு ஒன்று. அந்த ஹெரால்டின் மீது எங்களுக்குத் தனிப் பரிவு உண்டு. எங்களைப் போலவே அதுவும் சென்னையில் பிறந்து தில்லிக் குளிரில் நடுங்க வந்தது அல்லவா!

இவை எல்லாவற்றிலும் டாஷ்போர்டின் கீழே இழுத்து விடும் குமிழ் ஒன்று இருந்தது. அதற்குச் சோக் என்று பெயர். ஊரில் வண்டி ஓட்டியவர்க்கு அக்குமிழோடு அதிகப் பழக்கம் இராது. தில்லியிலோ, நவம்பர் இறுதி முதல் பிப்ரவரி வரை அதைத் தொடாமல் ஒரு காலையும் விடியாது. ஒரே வண்டி இரண்டு ஊர்களில் இரண்டு வகையாக நடந்துகொள்வதற்குக் காரணம் வண்டியின் மனநிலை அன்று. அது பெட்ரோலின் இயல்பு.

பெட்ரோல் நீர்ம நிலையில் எரிவதில்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பின்னரே எரிகிறது. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று என்பது முற்றாக எரிதற்குரிய கணக்கு. சூடேறிய எஞ்சினில் இக்கணக்கு எளிதில் நிறைவேறுகிறது. குளிர்ந்த எஞ்சினில், உட்செல்லும் பெட்ரோலில் இலேசான பகுதி மட்டுமே ஆவியாகிறது; மற்றது குழாயின் சுவரிலும் சிலிண்டரின் சுவரிலும் துளிகளாய்ப் படிந்து விடுகிறது. ஆகவே, எரிவதற்கு வேண்டிய ஆவி கிடைக்க வேண்டுமாயின் வழக்கத்தைவிடப் பன்மடங்கு பெட்ரோலை உள்ளே அனுப்ப வேண்டும். சோக் செய்யும் வேலை இதுவே.

குளிர் செய்யும் கேடு இதனோடு நிற்பதில்லை. எஞ்சின் ஆயில் கெட்டிப்பட்டு உள்ளுறுப்புகளைப் பற்றிக்கொள்கிறது. சுற்றுவதற்கு அதிக வலு வேண்டியிருக்கிறது. அந்த வலுவைத் தரவேண்டிய பாட்டரியோ, உறைநிலையை நெருங்கும்போது தன் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கை இழந்து நிற்கிறது. செல்ஃப் மோட்டார் பாட்டரியை உறிஞ்சும் அதே நொடியில், பொறி உண்டாக்கும் காயிலுக்குப் போகும் மின்னழுத்தமும் தாழ்கிறது. பொறி வலுவாக இருக்க வேண்டிய நேரத்தில் அது மெலிந்து போகிறது. ஒன்றின் தளர்ச்சி மற்றொன்றைத் தளர்த்த, மூன்றும் சேர்ந்து வண்டியை நிறுத்தி விடுகின்றன. எனவேதான் பொறுமையின்றிச் சாவியைத் திருகிக்கொண்டே இருப்பவர், ஒவ்வொரு திருகலிலும் வெற்றியிலிருந்து விலகிப் போகிறார்.

இந்த உண்மையை எங்களுக்கு ஒரே விடியலில் கற்பித்தவர் ஒரு பெரியவர். கோவையில் ஒரு நூற்பாலையில் முப்பது ஆண்டு மெக்கானிக்காக உழைத்து ஓய்வு பெற்று, மகனோடு சில மாதம் தங்கத் தில்லிக்கு வந்திருந்தார். அது 1979ஆம் ஆண்டு சனவரி. எங்கள் வரிசையில் நான்காம் வீட்டு இளம்பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்கியிருந்தது. ஊரிலிருந்து தாய் வந்து சேர இன்னும் நான்கு நாட்கள் இருந்தன. விடியற்காலை நாலரை மணிக்கு வலி கண்டது. கணவர் பதறியடித்துக் காரைக் கிளப்ப முயன்றார். வண்டி இருமிற்றே தவிர உயிர் பெறவில்லை. அவர் சோக்கை முழுதும் இழுத்தார். ஆக்ஸிலரேட்டரை மிதித்து மிதித்து விட்டார். செல்ஃபை விடாமல் அழுத்தினார். அவ்வோசையில் வரிசையே விழித்துக்கொண்டது. ஒருவர் சைக்கிளில் டாக்ஸி நிலையத்துக்குப் பறந்தார். கையெட்டும் தூரம்கூடத் தெரியாத மூடுபனியில் அங்கு ஒரு வண்டியும் இல்லையென்று திரும்பினார். உள்ளே பெண்கள் அவளைச் சுற்றி நின்றனர். வெளியே நாங்கள் காரைச் சுற்றி நின்றோம்.

அப்பெரியவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு மெல்ல வந்தார். ஓட்டுநர் இருக்கையின் பக்கம் குனிந்து, "தம்பி, சாவியை விட்டுப்போடுங்க. வண்டி என்ன கேக்குதுன்னு பாக்கோணும். நாம குடுக்கறதையே குடுத்துக்கிட்டு இருந்தா எப்படிங்க?" என்றார். அவர் குரலில் அவசரம் இல்லை. அந்த அமைதியே முதலில் எங்கள் அனைவரையும் சற்று நிதானப்படுத்தியது.

முதலில் முன்விளக்கைப் போடச் சொன்னார். மங்கலாக எரிந்தது. பாட்டரி பாதி போய்விட்டது. இனி அதை வீணாக்கலாகாது என்பது தெரிந்தது. பின்பு புகைபோக்கியின் வாயருகே குனிந்து முகர்ந்தார். பெட்ரோல் நெடி மூக்கைத் துளைத்தது. "மூக்கு முட்டக் குடிச்சிருக்குதுங்க. பெட்ரோலுக்குக் குறைவில்லை. நெருப்புத்தான் இல்லை," என்றார். இரண்டே சோதனைகளில் தேடவேண்டிய இடம் பாதியாகச் சுருங்கி விட்டது.

அடுத்து பானெட்டைத் திறந்து, எங்கள் கையிலிருந்த டார்ச்சுகளை அணைக்கச் சொன்னார். இருட்டில் ஒரே ஒரு முறை செல்ஃபைத் தட்டச் செய்தார். டிஸ்ட்ரிபியூட்டரின் கறுப்பு மூடியின் மேலும் கம்பிகளின் மேலும் நீலநிற நூலிழைகள் போல மின்பொறிகள் ஊர்ந்து மறைந்தன. பிளக்குக்குப் போய்ச் சேரவேண்டிய மின்சாரம், பனியின் ஈரம் காட்டிய வழியில் கசிந்து வீணாகிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் தேடினால் கிடைக்காத குற்றத்தை இருட்டு காட்டிக் கொடுத்தது!

பிறகு நடந்தவை மளமளவென்று நடந்தன. மூடியைக் கழற்றி உள்ளும் புறமும் உலர்ந்த வேட்டித் துணியால் துடைத்தார். கம்பிகள் இடம் மாறிவிடாதபடி ஒவ்வொன்றிலும் நூல் கட்டி அடையாளம் வைத்து, நான்கு பிளக்குகளையும் கழற்றினார். அவை பெட்ரோலில் நனைந்திருந்தன. துடைத்துக் காற்றில் ஆவி போகவிட்டு உள்ளே அனுப்பினார். சமையலறையில் தோசைக்கல்லைக் காயவைத்து, அடுப்பிலிருந்து தள்ளி இறக்கி, அதன் மீது பிளக்குகளை வரிசையாக அடுக்கினர் பெண்கள். அதற்குள் சோக்கை உள்ளே தள்ளி, சாவியை அணைத்து, கைப்பிடியால் எஞ்சினைப் பலமுறை சுற்றித் தேங்கிய பெட்ரோலை வெளியேற்றினார். வெதுவெதுப்பான பிளக்குகள் திரும்பி வந்தன, முடுக்கப்பட்டன. பாட்டரியை நம்பாமல் மீண்டும் கைப்பிடியையே எடுத்தார். கியர் நியூட்ரலில் இருக்கிறதா, கைப்பிரேக் இழுத்திருக்கிறதா என்று பார்த்தார். எங்களுள் வலுவான இளைஞர் ஒருவரை அழைத்து, கட்டைவிரலை மற்ற விரல்களின் பக்கமே வைத்துப் பிடிக்கவும், கீழே அழுத்தாமல் மேல்நோக்கி இழுக்கவும் சொல்லிக் கொடுத்தார். எஞ்சின் பின்னோக்கி உதைத்தால் கட்டைவிரலும் மணிக்கட்டும் முறிந்துவிடக் கூடும். அவ்வாறு பிடித்தால் கைப்பிடி தானாக விரலை விட்டு விலகும். மூன்றாம் இழுப்பில் வண்டி உறுமியது. அடுத்த வீட்டுச் சர்தார்ஜி முன்னே ஒரு டார்ச்சோடு தெருமுனை வரை நடந்து வழி காட்ட, கார் பனிக்குள் மறைந்தது. தொடக்கம் முதல் இறுதி வரை அரை மணிநேரத்துக்கு மேல் ஆகவில்லை. எட்டு மணியளவில் பெண்குழந்தை பிறந்த செய்தி வந்தது.

அன்று கண்ட முறையை நாங்கள் பின்னர் எத்தனையோ முறை கையாண்டிருக்கிறோம். அதன் சாரத்தை நான்கு கேள்விகளாகச் சுருக்கலாம். எஞ்சின் போதிய வேகத்தில் சுற்றுகிறதா? பெட்ரோல் வந்து சேர்கிறதா? பொறி வருகிறதா? பெட்ரோலும் காற்றும் சேரும் அளவு பொருத்தமா? இக்கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வேண்டும். ஒரு கேள்விக்கு விடை கிடைக்கும் முன் அடுத்ததற்குத் தாவலாகாது. ஒரே நேரத்தில் மூன்றை மாற்றி வண்டி கிளம்பிவிட்டால், எது நோய், எது மருந்து என்பது கடைசிவரை தெரியாமலே போய்விடும். மறுநாள் காலையில் அதே நோய் திரும்பும்.

சுற்றுவதே மந்தமாயிருந்தால், முதலில் பாட்டரி முனைகளைப் பார்க்க வேண்டும். அங்கே வெண்மையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பைச் சுடுநீர் விட்டுக் கழுவி, சுரண்டி, இறுக்கி முடுக்கினாலே பாதி வண்டிகள் பிழைத்துக்கொள்ளும். வேகமாகச் சுற்றியும் பெட்ரோல் நெடியே இல்லையென்றால், பல நாள் நிறுத்தி வைத்ததால் கார்ப்பரேட்டரின் கிண்ணம் வறண்டிருக்கலாம். பெட்ரோல் பம்பில் கையால் அசைக்கும் சிறு நெம்புகோல் இருந்தால், பத்துப் பதினைந்து முறை அசைத்துக் கிண்ணத்தை நிரப்பிவிடலாம்; செல்ஃபைக்கொண்டு நிரப்ப முயல்வது பாட்டரிக்குச் செய்யும் கொடுமை. நெடி இருந்தும் கிளம்பாவிட்டால் பொறியைச் சோதிக்க வேண்டும். கழற்றிய பிளக்கை அதன் கம்பியோடு இணைத்து, எஞ்சினின் உலோகத்தில் படும்படி, திறந்த பிளக் துளைக்கு எட்டத்தில் வைத்துச் சுற்றினால், நீலநிறப் பொறி சடசடவென்று வர வேண்டும். மஞ்சளாக மெலிந்து வந்தாலோ, வராவிட்டாலோ, பாயிண்டு தேய்ந்திருக்கலாம், கண்டென்சர் கெட்டிருக்கலாம், மூடியில் ஈரமோ, மயிரிழைப் பிளவோ இருக்கலாம்.

நான்காவது கேள்வியில்தான் வண்டிக்கு வண்டி வழக்கு வேறுபடும். சில கார்ப்பரேட்டர்களில் சோக் என்பது காற்று வரும் வாயை அடைக்கும் தகடு. அவற்றில் ஆக்ஸிலரேட்டரை ஒன்றிரண்டு முறை மிதித்துவிட்டுக் கிளப்புவது நன்மை தரும். சோலெக்ஸ் வகைகள் சிலவற்றில் தகடு இல்லை; குளிரில் கிளப்புவதற்கென்றே தனிப் பாதை உண்டு. அங்கே ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் அப்பாதைக்கு வேண்டிய உறிஞ்சுவிசை குறைந்து, உதவிக்கு மாறாக உபத்திரவமே விளையும். அம்பாசிடர் பலவற்றில் இருந்த எஸ்.யூ. கார்ப்பரேட்டரில், சோக்கை இழுத்தால் பெட்ரோல் வரும் ஜெட் கீழே இறங்கி வழியை அகலமாக்கும். மிதித்தவுடன் பெட்ரோலைப் பீச்சும் பம்பு அதில் இல்லை. ஆகவே, பக்கத்து வீட்டுக்காரர் செய்து வெற்றி கண்ட முறை நம் வண்டிக்குப் பொருந்த வேண்டும் என்ற நியதி இல்லை. நமது வண்டியின் இயல்பை நாம் அறிந்திருக்க வேண்டும்.

ஏற்கெனவே மூழ்கடித்துவிட்ட எஞ்சினுக்கு மருத்துவம் ஒன்றே. சோக்கை முழுதும் உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை அடிவரை ஒரே மிதியாக மிதித்து, மிதித்த நிலையிலேயே வைத்துக்கொண்டு சில வினாடி சுற்ற வேண்டும். அப்போது நிறையக் காற்று உட்சென்று மிகுதிப் பெட்ரோலை அடித்துக்கொண்டு போகும். அதற்கும் இணங்காவிட்டால் பிளக்குகளைக் கழற்றி உலர்த்த வேண்டியதுதான். பாட்டரி தீர்ந்தவர்க்குத் தள்ளி விடுவதே கதி. தில்லிக்கு வந்த தமிழர் இந்தியில் முதலில் கற்ற சொற்களுள் 'தக்கா' ஒன்று என்றால் மிகையாகாது. சாவியைப் போட்டு, இரண்டாம் கியரில் வைத்து, கிளட்சை மிதித்தபடி இருக்க, நால்வர் தள்ளி வண்டி வேகம் பெற்றதும் கிளட்சை விட வேண்டும். அந்த நால்வர் எந்த மொழியினர் என்று அந்நேரத்தில் எவரும் கேட்டதில்லை.

வண்டி கிளம்பியதும் கடமை முடிந்துவிடுவதில்லை. எஞ்சின் சூடேறச் சூடேறச் சோக்கைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ள வேண்டும். இழுத்த நிலையிலேயே ஓட்டுவோர் பலர் உண்டு. மிகுதிப் பெட்ரோல் சிலிண்டரின் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிட்டுக் கீழே இறங்கி ஆயிலையே நீர்க்கச் செய்யும். இன்னொரு எச்சரிக்கை உயிரைப் பற்றியது. குளிருக்கு அஞ்சிக் கதவை மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிடுவது ஒருபோதும் கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; அது எச்சரிக்கை தராமலே ஆளைச் சாய்த்துவிடும்.

இவற்றையெல்லாம் குளிர் வந்த பின் செய்வதைவிட, தீபாவளி கழிந்த வாரத்திலேயே செய்து முடிப்பது நன்று. குளிருக்கேற்ற இளக்கமான ஆயில், கழுவிய பாட்டரி முனைகள், துலக்கி இடைவெளி சரிபார்த்த பாயிண்டும் பிளக்கும், துடைத்த மூடி, வெடிப்பில்லாத கம்பிகள் ஆகிய இவ்வளவே தேவை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல் இதற்குப் போதும். எங்கள் வரிசையில் 1979க்குப் பின் ஒவ்வோர் ஆண்டும் அத்தகைய ஒரு ஞாயிறு கொண்டாடப்பட்டது. சிறுவர்கள் பிளக்கைத் துலக்கினர். வீட்டுக்கு வீடு காபி வந்தது. வேலை முடிய இரண்டு மணிநேரமும் பேச்சு முடிய நான்கு மணிநேரமும் ஆயின.

காலம் மாறியது. 1999, 2000ஆம் ஆண்டுகளில் தலைநகர் வட்டாரத்தில் புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின. புதிய கார்களில் கார்ப்பரேட்டர் மறைந்து, பெட்ரோலை அளந்து பீச்சும் மின்னணு முறை வந்தது. குளிரை உணரும் கருவி தானே அறிந்து தானே கூட்டிக் கொடுக்கிறது. சோக் குமிழ் இல்லை. அதைப் பற்றிய பேச்சும் இல்லை. அம்பாசிடரின் உற்பத்தியும் 2014இல் நின்றது. 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகள் குறித்து 2014இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் 2018இல் உச்சநீதிமன்றமும் பிறப்பித்த ஆணைகளுக்குப் பின், தில்லியில் மிஞ்சியிருந்த பழைய வண்டிகள் பல வெளி மாநிலங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. மூச்சுத் திணறும் இந்நகரின் குழந்தைகளை எண்ணினால் அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை.

எனினும், தந்தையின் நினைவாகப் பழைய காரை வேறு ஊர்களில் காத்துவரும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அவர்களுக்கு ஒரு சொல். 2023 முதல் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் நாடெங்கும் பரவியுள்ளது. எத்தனால் ஆவியாவதற்கு அதிக வெப்பம் வேண்டும். எனவே குளிர்காலையில் பழைய எஞ்சின் முன்னினும் தயங்கும். அது ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களை அரிக்கும். அதனைத் தாங்கும் குழாய்களை மாற்றிக்கொள்வதும், கார்ப்பரேட்டரின் அளவைத் தேர்ந்தவரிடம் சரிபார்த்துக்கொள்வதும், மாதக்கணக்கில் டாங்கியில் பெட்ரோலைத் தேங்கவிடாதிருப்பதும் நலம்.

காரே வைத்திராத இளைஞர்க்கும், பொத்தானை அழுத்தியதும் கிளம்பும் காரை வைத்திருப்போர்க்கும் இச்செய்திகளால் பயன் என்ன என்று சிலர் கேட்கலாம். அன்று பனியில் நின்ற எங்களிடம் வலுவான கைகள் பல இருந்தன, டார்ச்சுகள் இருந்தன, பதற்றமும் நிறைய இருந்தது. இல்லாதிருந்தது எதை முதலில் பார்ப்பது என்னும் வரிசை ஒன்றே. வீட்டில் ஒருவர்க்கு நோய் கண்டாலும், கணக்கில் பிழை நேர்ந்தாலும், புதிய ஊரில் வேலை இடறினாலும் அவ்வரிசையே துணை. இருப்பதையும் இல்லாததையும் பிரித்து, ஒன்றைச் சோதித்து முடித்தபின் அடுத்ததற்குச் செல்லும் பழக்கம் எந்த எஞ்சினோடும் ஒழிந்துபோவதில்லை. அதனை நம் மக்களுக்கு, நம் மொழியில், கைப்படச் சொல்லிக் கொடுப்போமாக. அப்பெரியவர் ஊர் திரும்பிய அன்று, நியூட்ரலில் கிடந்த அதே கார்தான் அவரை ரயிலடிக்கு ஏற்றிச் சென்றது. பனி அன்றும் கொட்டிக்கொண்டிருந்தது. வண்டி முதல் தட்டிலேயே கிளம்பியது.